என் மகள் வேலைக்குப் போகாத வருஷம்

1

எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டில் போன வாரம் ஒரு புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இளம் டாக்டர்களுக்கான நல்வாழ்வு வாரம் என்று தலைப்பு. திங்கட்கிழமை மூச்சுப்பயிற்சி. செவ்வாய்க்கிழமை பழக்கிய நாய் ஒன்றைக் கூட்டி வருவார்களாம், தடவிக்கொடுத்தால் மனசு லேசாகுமாம். புதன்கிழமை இலவசமாகப் பழம். எல்லாமே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

நான் கீழ்த்தளத்தில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் ரத்தத்தை மெஷினில் ஏற்றி முடிவு சொல்கிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று என்னோடு லிஃப்டில் ஏறிய பையன் ஒருவன், டாக்டர்தான், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது, அந்த நோட்டீஸை மேலிருந்து கீழ்வரை படித்தான். படித்துவிட்டு லிஃப்டின் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் இறங்க வேண்டிய மாடி வந்ததும் நான்தான் தோளைத் தொட்டுச் சொன்னேன். தேங்க்ஸ் சொல்லிவிட்டு ஓடினான். நாயைத் தடவிக்கொடுக்க நேரம் உள்ளவனாகத் தெரியவில்லை.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. என் மகள் நிவேதா முதன்முதலாக வேலைக்குப் போகாமல் நின்று அந்த வாரத்தோடு ஒரு வருஷம் முடிந்தது. அவளும் டாக்டர். ஊரில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் அரையும் குறையுமாகக் காதுக்கு வந்திருக்கும். வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம், யாரையோ விரும்பினாளாம், புத்தி பேதலித்துவிட்டதாம் என்று மூன்று விதமாக என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

நிவேதாவை மூன்று வயதில் இங்கே இங்கிலாந்துக்குக் கூட்டி வந்தோம். வீட்டில் தமிழ்தான். அதுவும் எங்கள் தருமபுரித் தமிழ். அவள் 'வூடு' என்று சொல்வதைக் கேட்டு இங்குள்ள மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் எங்களிடமும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டாள். சாப்பாடு, உடம்பு, தூக்கம், இந்த மூன்றுக்கு மட்டும் தமிழ் மிச்சமிருந்தது.

டாக்டர் படிப்பை முடித்து, இங்கே நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் இருக்கும் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வருஷம் ஓடிவிட்டது. இரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போதெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"முடியலம்மா."

என் மனைவி கலாவுக்குப் பாப்பாரப்பட்டி. நம் பக்கத்தில் முடியலை என்றால் என்ன? காய்ச்சல், சளி, உடம்பு வலி. கலா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கச் சொன்னாள். "செரிம்மா" என்று அவளும் போனை வைத்துவிடுவாள். இங்கிலீஷில் யோசித்து, எங்களுக்காகத் தமிழில் சொல்லியிருக்கிறாள். இனிமேல் என்னால் ஆகாது என்று சொல்ல அவளிடமிருந்த தமிழ் அந்த ஒற்றை வார்த்தைதான்.

பிப்ரவரியில் ஒரு காலை, அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்த ஹன்னா என்கிற நர்ஸ் பெண் எனக்குப் போன் செய்தாள். நிவேதா வழக்கம்போலக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். காரை நிறுத்தியிருக்கிறாள். இறங்கவில்லை. வார்டிலிருந்து போன்மேல் போன் வந்தும் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தவளை, கார் நிறுத்துமிடத்தில் டிக்கெட் பார்க்கிற ஆள் கண்ணாடியைத் தட்டிக் கேட்டிருக்கிறார். "இறங்க வரவில்லை" என்றாளாம். அந்த மனிதர் பயந்துபோய் ஆட்களைக் கூப்பிட, ஹன்னா போய் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். தலை வாரி எத்தனை நாள் ஆயிற்றோ. கலா பக்கத்தில் உட்கார்ந்து முடியைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அவள் தடுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து தலையைத் தொட்டால் சண்டைக்கு வருகிறவள். அன்றே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

காரணம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஒரு டூட்டியில் இரண்டு வார்டுகளுக்கும் இவள் ஒருத்தியே டாக்டராக இருந்திருக்கிறாள். கூட இருக்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை, மாற்று ஆள் போடவில்லை. இரண்டு வார்டிலிருந்தும் ஒரே சமயத்தில் கூப்பிட்டார்கள். இவள் ஒன்றுக்குப் போனாள். இன்னொரு வார்டில் இருந்த மனிதர் இறந்துபோனார். விசாரித்தார்கள். நீ முதலில் போன நோயாளிக்குத்தான் அவசரம் அதிகம், நீ செய்தது சரி என்று சொல்லிவிட்டார்கள்.

"சரின்னு சொல்லிட்டாங்களே கண்ணு. அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"சரின்னு சொன்னாங்கப்பா. நீ எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கல."

அடுத்த நாளும் டூட்டிக்குப் போயிருக்கிறாள். அதற்கடுத்த நாளும். இறந்தவரின் மனைவி வந்து அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் பையில் போட்டு வாங்கிக்கொண்டு போனதை எதிரிலிருந்து பார்த்திருக்கிறாள். அந்த அம்மா இவளைப் பார்த்துத் தலையசைத்து, நன்றி என்று சொன்னாராம்.

3

அவளுடைய ஆஸ்பத்திரியிலும் எல்லா உதவியும் இருந்தது. இதை நான் சொல்லியாக வேண்டும். போனில் இறக்கிக்கொள்ள ஒரு ஆப். மனத்திடம் பற்றிக் கம்ப்யூட்டரில் ஒரு பாடம். அதை எல்லா டாக்டர்களும் கட்டாயம் முடித்திருக்க வேண்டும். நிவேதா அதைத் தன் லீவு நாளில் உட்கார்ந்து முடித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். ஓய்வறை ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் படுக்கை போதவில்லை என்று அதில் நோயாளிகளைப் போட்டுவிட்டார்கள்.

ஊழியர் நலப் பிரிவில் அவளைப் பதிந்துவைக்க நான் போன் செய்தேன். அவள் பேசுகிற நிலையில் இல்லை. எதிர்முனையில் இருந்த பெண்மணி பொறுமையாகத்தான் கேட்டார். மகளுக்கு என்ன பிரச்சனை என்றார். 'மனசு சரியில்லை' என்பதை அப்படியே இங்கிலீஷில் தூக்கி வைத்துவிட்டேன். நம் ஊரில் மனசு சரியில்லீங்க என்றால் வருத்தத்தில் இருக்கிறார்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் புரியும். அந்தப் பெண்மணிக்கு என் மகளின் மூளை பிசகிவிட்டது என்று கேட்டிருக்கிறது. காதில் குரல் கேட்கிறதா, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா, நோயாளிகளுக்கு அவளால் ஆபத்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. கடைசியில் நிவேதாவே எழுந்து வந்து போனை வாங்கி, "என் அப்பா சொல்ல வந்தது வேறு" என்று தானே விளக்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில் அவள் கட்டிலைவிட்டு எழுந்தது அதற்காக மட்டும்தான்.

அவர்கள் கொடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளி இருந்தது. அதற்குள் டூட்டி போடுகிற அலுவலகத்திலிருந்து, எப்போது திரும்பி வருவாய், வெள்ளிக்கிழமைக்கு ஆள் இல்லை என்று தினமும் செய்தி வந்தது.

அவளைத் தூக்கி நிறுத்தியது வேறொரு இடம். டாக்டர்களுக்கென்றே, வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் சிகிச்சை தருகிற ஒரு சேவை இங்கே இருக்கிறது. ஹன்னாதான் சொன்னாள். அங்கிருந்து கம்ப்யூட்டரில் வீடியோவில் பேசியவர் வயதான பெண் டாக்டர். அவரும் இளம் வயதில் இப்படி விழுந்து எழுந்தவராம். எடுத்ததும் அவர் நிவேதாவிடம் கேட்ட கேள்வி, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கதவு வழியாகக் கேட்டது. ஒரு பெண்ணிடம் இப்படியா கேட்பார்கள் என்று எழுந்து போகப் பார்த்தேன். கலா கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே நிவேதா அழ ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுவரை அவள் அழவே இல்லை.

மருந்து கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை பேசினார்கள். குடும்ப டாக்டர் நீண்ட லீவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கலா என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"ஊர்ல யாருக்கும் மூச்சு விடாதீங்க. ஏரியூர்க்காரங்க வூட்ல இருந்து வேற பேசிட்டு இருக்காங்க."

நிவேதாவுக்கு ஏரியூரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். பையன் பெங்களூரில் வேலை. நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

4

இடம் மாறினால் நல்லது என்று டாக்டர் சொன்னதால் அவளை ஊருக்குக் கூட்டிப் போனோம். கடத்தூருக்கு வெளியே என் தம்பி முனியப்பன் வீட்டில்தான் தங்கினோம். சித்தப்பா மகன், ஆனால் கூடப் பிறந்தவன் மாதிரி. தென்னையும் தக்காளியும் வைத்திருக்கிறான்.

லீவில் வந்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தோம். அதுதான் தப்பாகப் போயிற்று. இங்கிலாந்து டாக்டர் லீவில் வந்திருக்கிறது என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஆள் மஞ்சப்பையோடு வந்துவிட்டார். சர்க்கரை ரிப்போர்ட். அவருக்குப் பின்னால் மூட்டுவலி எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிப் பிடித்தபடி ஒரு அம்மா. அப்புறம் தைராய்டு, கிட்னி கல், குழந்தை இல்லாத மருமகள்.

"பாப்பா, கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. தர்மபுரில ஒண்ணு சொல்றாங்க, சேலத்துல ஒண்ணு சொல்றாங்க."

நிவேதா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கிப் படித்தாள். தெரிந்த தமிழில் பதில் சொன்னாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது எனக்குத் தெரிந்தது. வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அடக்கமான பொண்ணு, இங்கிலாந்துல இருந்தும் தல நிமிர்ந்து பேச மாட்டேங்குது என்று மெச்சிக்கொண்டார்கள். நானும் கலாவும் எதைச் சொல்லி அவர்களைத் தடுப்பது? உடம்பு சரியில்லை என்றால் என்ன உடம்பு என்பார்கள்.

இப்படியே சில நாள் போனது. ஒரு மத்தியானம், மலைப்பக்கத்திலிருந்து ஒருவர் தன் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. நிவேதா அவரைப் பார்த்தாள். எழுந்தாள். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கலா தட்டியும் திறக்கவில்லை. குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து முனியப்பன் மகன் மாதேஷ் பையும் கையுமாக வந்து இறங்கினான். அவனும் டாக்டர்தான். எங்கள் குடும்பத்தில் இரண்டே பேர்தான் டாக்டர்கள். எம்பிபிஎஸ் முடித்து, வேறொரு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை மேல்படிப்பில் முதல் வருஷம் இருந்தான். பட்டப்படிப்பு மாதிரி இல்லை, பாதி வேலை பாதிப் படிப்பு. இரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

வாசலில் நின்ற கூட்டத்தையும் கலாவின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தான். பையை வைத்தான்.

"அக்காவுக்கு அந்த ஊரு மருந்து பேருதாங்க தெரியும். நம்ம ஊரு மாத்திரை எதும் தெரியாது. எல்லாத்தையும் எங்கிட்ட காட்டுங்க" என்று சொல்லி, மூச்சு வாங்கியவரை முதலில் உட்கார வைத்து நாடி பார்த்தான். அவரை உடனே தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்தான். மற்றவர்களைச் சாயந்திரத்துக்குள் பார்த்து முடித்தான். இரவு டூட்டி முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன். முகம்கூடக் கழுவவில்லை.

மறுநாள் காலை இருவரும் கிணற்றடிப் பக்கம் தென்னை மரத்துக்கு அடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பேசியதை நிவேதா பிறகுதான் எங்களிடம் சொன்னாள். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள். கார், அந்த மனிதர், மருந்து, எல்லாம். ஊரில் அவள் உண்மை சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

அவன் முதலில் கேட்டது, "இதுக்கெல்லாம் லீவு குடுப்பாங்களாக்கா?"

"குடுத்தாங்கடா. உங்க காலேஜ்ல இப்படி ஆச்சுன்னா யார்கிட்ட போவீங்க?"

"கமிட்டி ஒண்ணு இருக்குது. ரூமு, போர்டு எல்லாம் இருக்குது. உள்ள பழைய கட்டிலு போட்டு வெச்சிருக்காங்க." சிரித்தானாம். "ரூம்ல கூட ஒருத்தன் இருக்கான், திருவாரூர்க்காரன். நான் சாப்டலன்னா பொட்டலம் வாங்கி வந்து மேசை மேல வெச்சிட்டுப் போவான். அவ்ளோதான்க்கா எங்க கமிட்டி."

போன மாதம், இறந்துபோன ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்களாம். அன்றே சாயந்திரம், வார்டில் எல்லோருக்கும் எதிரே, ஏன் கலாட்டா ஆகும்படி விட்டாய் என்று அவனுடைய சீஃப் டாக்டர் திட்டியிருக்கிறார். இதை அவன் அப்பா அம்மாவுக்குச் சொல்லவில்லை. "அவங்க எம் போட்டோவ பிளெக்ஸ் அடிச்சு வெச்சவங்கக்கா. அவங்ககிட்ட எப்டிச் சொல்றது" என்றானாம்.

அவன் போன பிறகு எங்கள் மகள் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள்.

5

இங்கிலாந்து திரும்பியதும், குறைந்த நேர வேலையில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் முயற்சி செய்யாமல் இல்லை. கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினாள், வார்டு வரை போனாள், சில வாரம் ஓட்டவும் செய்தாள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, போதும்ப்பா என்றாள். இப்போது செடிகள் விற்கிற ஒரு கடையில் வேலை செய்கிறாள். தொட்டி தூக்குகிறாள், மண் அள்ளுகிறாள், நகத்திலெல்லாம் மண். அவளை அந்தக் கடை உடுப்பில் முதல்முறை பார்த்த அன்று கலா காருக்குள் வந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை வருஷப் படிப்பு.

அந்தச் சமயத்தில்தான் முனியப்பன் கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"அண்ணா, மாதேசு ஆஸ்டல விட்டு வந்துட்டானுங்க. யார்கிட்டயும் சொல்லல. ரூம்ல படுத்தவன் எந்திரிக்க மாட்டேங்கறான். காலேஜ்ல இருந்து போன் மேல போன். பத்து நாள்ல போவலன்னா சீட்டு போயிருமாம்."

"என்ன சொல்றான்?"

"என்ன கேட்டாலும் முடியலங்கறான். கடத்தூர்ல ஊசி போட்டோம். காச்சல் எதும் இல்லீங்களாம். நீங்க கொஞ்சம் பேசுங்க அண்ணா. நிவேதா பாப்பா எத்தன கஷ்டப்பட்டு அந்நிய தேசத்துல டாக்டரா இருக்குதுன்னு சொல்லுங்க. பொட்டப் புள்ளயே தாக்குப்பிடிக்குது, உனக்கென்னடான்னு கேளுங்க. நானும் அதத்தான் தெனம் சொல்றேன். திங்கக்கெழம கார் பேசியிருக்குது. நானும் மச்சானும் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவோம். அவன் வராட்டியும் தூக்கிட்டுப் போவோம்."

போனை வைத்தபின் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் மகளைக் காட்டி அந்தப் பையனைத் தினமும் சொல்லாலேயே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை தெரிந்த அவனும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் மானத்துக்காக.

நிவேதாவுக்குச் சொன்னேன். கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டாள். வந்து மாதேஷைக் கூப்பிட்டாள். முதலில் எடுக்கவில்லை. விடாமல் கூப்பிட்டாள். எடுத்தான். எங்கள் எதிரிலேயே தமிழில் கேட்டாள்.

"டேய், செத்துப்போயிரலாம்னு தோணுதாடா?"

கலா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். நிவேதா கையை விலக்கவில்லை, போனையும் விடவில்லை. அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. இவள் மட்டும் "ம்... எப்ப இருந்து? ... ம்... அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனாள். வைத்ததும் எங்களைப் பார்த்தாள்.

"இப்படியா கேப்பாங்க? நெனக்காதவனையும் நெனக்க வெச்சுருவ போல" என்றாள் கலா.

"கேட்டா வராதும்மா. கேக்காம விடறதுதான் ஆபத்து. என்கிட்ட அந்த டாக்டர் கேட்டதனாலதான் நான் இங்க நிக்கறேன்." பிறகு என்னிடம், "அவனுக்குத் தோணுதுப்பா. அவனக் கொண்டுபோய் அங்க விடக்கூடாது. தனியாவும் விடக்கூடாது. சித்தப்பாகிட்ட என்னப் பத்திச் சொல்லுங்க. எல்லாத்தையும்."

ஏரியூர்க்காரர்கள், அடுத்த மாதம் பெண் பார்க்க வேண்டும், இங்கிலாந்திலிருந்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். முனியப்பனுக்குச் சொன்னால் அவன் மனைவி சரோஜாவுக்குத் தெரியும். சரோஜாவின் அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது ஏரியூரில். கலாவைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் தன் போனை எடுத்துச் சரோஜாவைக் கூப்பிட்டாள்.

"சரோஜா, கொஞ்சம் தனியா வா. புள்ளைங்க பக்கத்துல யாரும் வேணாம். ... நான் சொல்றத முழுசாக் கேளு. எம் பொண்ணு டாக்டர் வேல பாக்கல. ஆமா. பிப்ரவரில இருந்தே செரியா பாக்கல. உங்க வூட்டுக்கு வந்தப்ப லீவுல வரல, படுத்தவள எழுப்பி இட்டுட்டு வந்தோம். குளிக்க மாட்டா, சாப்பிட மாட்டா. சாவலாம்னு நெனச்சிருக்கா. எங்கிட்டயே சொல்லல, டாக்டர்கிட்டதான் சொல்லியிருக்கா. ... மாத்திர சாப்புடறா. இப்பவும்தான்."

அழைப்பு போய்விட்டதோ என்று கலா திரையைப் பார்த்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏன்க்கா மொதல்லயே சொல்லல?" என்றாள் சரோஜா கடைசியில்.

"சொல்லல. பயந்துட்டேன். நீ பயப்படாத. உம் பையனும் எம் பொண்ணு மாதிரிதான் படுத்திருக்கான். அவனக் கார்ல ஏத்தாத. பக்கத்துலயே படுத்துக்க. ராவுலயும். கிணத்துப் பக்கம் தனியா விடாத. என்ன ஏதுன்னு குடையாத. சோத்தப் போட்டு வெச்சுட்டுக் கம்முனு உக்காந்திரு."

கலா பேசி முடித்ததும் நிவேதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். பெரியவளான பிறகு நான் அப்படிப் பார்த்ததில்லை.

6

திங்கட்கிழமை கார் வரவில்லை. முனியப்பன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பேசியபோது, "எங்கிட்டகூட மறைச்சுட்டீங்களே அண்ணா" என்றான்.

மாதேஷோடு அறையில் இருந்த திருவாரூர்ப் பையனை நிவேதா தேடிப் பிடித்தாள். அவன் மூலமாகச் சேலத்தில் ஒரு மனநல மருத்துவர் கிடைத்தார். முனியப்பன், மகனைப் பைக்கில் உட்கார வைத்து அங்கே கூட்டிப் போனான். ஊரில் அல்சர் என்று சொல்லியிருக்கிறான். நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. நாங்கள் லீவு என்றோம், அவன் அல்சர் என்றான்.

சீட்டு போய்விட்டது. இனி அந்தப் படிப்பைத் தொட வேண்டுமானால் முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். மாதேஷ் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டுகிறான். யாராவது ரிப்போர்ட் கொண்டுவந்தால் முனியப்பன் வாசலிலேயே நிறுத்தி, பையனுக்கு உடம்பு செரியில்லீங்க, அப்புறம் வாங்க என்று அனுப்பிவிடுகிறான். பிளெக்ஸை முனியப்பனே ஒரு நாள் இறக்கிச் சுருட்டி மோட்டார் ரூமில் போட்டுவிட்டான் என்று சரோஜா சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஏரியூர்க்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முதலில் பார்த்தபோது பொருந்திய ஜாதகம்தான். கலா அன்று முழுக்க அடுப்படியை விட்டு வரவில்லை. சாயந்திரம் வந்து, "போவட்டும்" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

இங்கே எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டு மூன்று பேர் எங்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், தன் மகனும் டாக்டர், அவனும் போனில் இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை, அந்த டாக்டர்களுக்கான சேவையின் நம்பர் இருக்கிறதா என்று கடை வாசலில் வைத்துத் தணிந்த குரலில் கேட்டார். கொடுத்தேன். அதற்குமேல் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நிவேதா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். நல்லாகிவிட்டாளா என்று கேட்கிறீர்கள். சில வாரம் நல்லாயிருக்கிறாள். சில வாரம் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். மருத்துவத்துக்குத் திரும்புவாளா என்று நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

அவள் தமிழ் மட்டும் நன்றாகிவிட்டது. எல்லாம் மாதேஷோடு பேசித்தான். எங்களிடம் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொல்கிறாள் என்று தெரிகிறது. தகப்பனுக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

நேற்றும் வந்தாள். மத்தியானம் சாப்பாடு எடுத்து வைத்த நேரம் போன் வந்தது. எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போனாள். நல்ல குளிர். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனைக் காதில் வைத்தபடி, தோளைக் குறுக்கிக்கொண்டு, வேலியோரமாக நின்றாள். உதடு அசையவே இல்லை. குழம்பு ஆறிவிட்டது. கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கலா தலையாட்டினாள்.

கடைசியில் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாதேஷா? என்னம்மா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"இவ்வளவு நேரமும்?"

"இன்னைக்கு அவனுக்குப் பேச முடியல. நான் லைன்லயே இருந்தேன்."

சாதத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.